பேச்சிமுத்து பி.ஏ. இல்லை

ஏம்மா, அந்தப் பையை இப்பிடி நடுவுல வைங்க, கொஞ்சம் காலை நீட்டிக்கிடலாம். திருநவேலி வரைக்குமா? நானும் அங்கதான். ஃபைலை நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருக்கிறதப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, பிள்ளைக்குக் காலேஜ் விஷயம். என்ன, சரிதானா? பொம்பளப் பிள்ளையா? பிளஸ் டூ முடிச்சிருச்சா? சமுதாயக் கல்லூரியா? நல்லது. ஒரு வருசப் படிப்பு, கையோட வேல. எம்மகளும் சமுதாயக் கல்லூரியிலதான், எங்க கோவில்பட்டியில படிக்கா. லேப் டெக்னீசியன். ரத்தம் எடுத்தா நமக்கு வலியே தெரியாது. என்கிட்டதான் பழகுனா.

ஃபீஸுக்கு என்ன பண்ணப் போறீக? தெரியலைன்னு மெதுவாச் சொல்லாதீங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. வழி இருக்கு. அரசாங்க உதவித்தொகை இருக்கு. ஆனா சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக்கு எல்லாத்துலயும் பிள்ள பேரு ஒண்ணுபோல இருக்கணும். ஒரு எழுத்து மாறுனாலும் அலைய விட்டுருவாக. அதுவும் பணம் வரும்போதுதான் வரும், காலேஜுல அதுவரைக்கும் பொறுப்பாகளான்னு கேட்டு வெச்சுக்கிடுங்க. பேங்கு லோன் இருக்கு. எங்களுக்கு அது ஒத்துவரல, எங்க வீட்டுக்காரக கடன்னு சொன்னாலே சோத்தை அளைஞ்சுக்கிட்டு இருப்பாக. காலையில படிப்பு மத்தியானம் அங்கயே வேலைன்னு ஒண்ணு இருக்கு, அது ரெண்டு மூணு பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும். எல்லாத்தையும் விட நல்லது டிரஸ்ட்டு சலுகை. ஃபீஸ் முழுசா தள்ளுபடி. வீட்டுல அப்பா அம்மா ரெண்டு பேரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. முதல் முதலா அந்தப் பிள்ளதான் காலேஜ் முடிக்கணும். அவ்வளவுதான் விஷயம்.

இதுல என்ன கஷ்டம்னு கேப்பீக. படிக்காததுக்குச் சாட்சி வேணுமான்னு கேப்பீக. வேணும்மா. நான் பட்ட பாட்டைக் கேட்டா நீங்க உசாரா இருந்துக்கிடுவீக.

எங்க வீட்டுக்காரக பேரைச் சொல்லக்கூடாது, பேச்சிமுத்து. கோவில்பட்டியில கடலைமிட்டாய் கம்பெனியில பாகு காய்ச்சுதாக. பொட்டலம் மடிச்ச பேப்பரைக்கூட விரிச்சுப் படிச்சுட்டுத்தான் போடுவாக. அந்தக் காலத்துல பி.ஏ. வரலாறு படிக்கப் போனாக. போனாகன்னா போனாக, அவ்வளவுதான். கடைசி வருசம் மூணு பேப்பர் போச்சு, அப்புறம் எழுதல. இதுல நான் சொன்னது என்ன தப்பு? எங்க வீட்டுக்காரக பி.ஏ.ன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்கப்புறம் ஊரு சொல்லுச்சு. ஊரு சொல்லுததுக்கு நான் என்ன பண்ண முடியும்? தண்ணி லாரிகிட்ட நிக்கும்போது யாராச்சும் கேட்டா ஆமாம்பேன். கேக்கலைன்னா நானா ஞாபகப்படுத்துவேன். அது வேற.

மக சடங்குக்கு பிளெக்ஸ் அடிச்சோம். அதுல 'பே. பேச்சிமுத்து பி.ஏ.'ன்னு வந்துருச்சு. பிளெக்ஸ்காரன் போட்டுட்டான். நான்தான் எழுதிக் குடுத்தேன், ஆனா போட்டது அவன்தான? எங்க வீட்டுக்காரக ரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாக. "ஏட்டி கோமதி, அந்த ரெண்டு எழுத்து எதுக்கு?"ன்னாக. "இடம் காலியா இருந்துச்சு"ன்னேன். மேல ஒண்ணும் கேக்கல. அவுக அப்பிடித்தான், எதையும் ரெண்டு தடவ கேக்க மாட்டாக.

சடங்கு முடிஞ்சதும் பிளெக்ஸைத் தூரப் போடவா முடியும்? கெட்டி சாமான். வாசல்ல நிக்கிற டி.வி.எஸ். வண்டிக்கு வெயில் படாம போத்திவிட்டோம். அது பாட்டுக்குக் கிடக்கு. நாங்க அதைப் பாக்குறதே இல்ல.

சரி, போன வருசத்துக்கு வாரேன். எம்மக பேரு இசக்கிப்பிரியா. அவளே விண்ணப்பம் எழுதுனா. அப்பா படிப்பு: பிளஸ் டூ. அம்மா படிப்பு: எட்டாவது. உள்ளதை உள்ளபடி எழுதிட்டு எங்கிட்டச் சொல்லவே இல்ல பாருங்க. அம்மாகிட்டக் காட்டணும்னு தோணுச்சா? தோணல. அதோட, காலேஜுல இருந்து விசாரிக்க ஆளு வரும்னு அவளுக்கே தெரியாது. அந்த டிரஸ்ட்டுல அது வழக்கமாம். சொல்லாம கொள்ளாம தெருவுக்கு வருவாக. எதுக்கு வந்தோம்னு வெளிய சொல்ல மாட்டாக. சொன்னா எல்லாரும் அழுக்குச் சேலையைக் கட்டிக்கிட்டு நின்னுருவாகளாம். அக்கம்பக்கத்துல பொதுவா விசாரிச்சுட்டு, கடைசியாத்தான் வீட்டுக்குள்ள வருவாகளாம்.

இப்ப நீங்களே சொல்லுங்க. பட்டுக்கரை வெச்ச காட்டன் சேல, கைப்பை, கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கூடவே இஸ்திரி போட்ட சட்டையில ஒரு ஆளு. ரெண்டு பேரும் தெருமுனைப் பெட்டிக்கடையில நின்னு, "பேச்சிமுத்து வீடு எது? பொண்ணு எப்பிடி? குடும்பம் எப்பிடி?"ன்னு கேட்டா நம்ம என்ன நெனைப்போம்?

அதேதான்! மாப்பிள வீட்டுக்காரங்கன்னுதான நெனைப்போம்! நீங்களும் அதைத்தான நெனைச்சீக? பாத்தீகளா, தப்பு என்மேல இல்ல.

பெட்டிக்கடை வெள்ளத்தாய் என்ன பண்ணுவா பாவம்? கல்யாணத்துக்கு விசாரிக்க வந்தா கூட்டித்தான சொல்லணும். ஒரு பொம்பளப் பிள்ள வாழ்க்கை. "அப்பா பி.ஏ.ம்மா, கம்பெனியே அவுக தலையிலதான் ஓடுது"ன்னுருக்கா. எதிர்த்த வீட்டு ராஜகனி அதுக்கும் மேல. எனக்கும் அவளுக்கும் குழாயடியில ஆகாது, ஆனாலும் சொல்லியிருக்கா: "தங்கமான குடும்பம். அந்தக்கா தையல்லயே கை நெறைய சம்பாதிக்கும். அண்ணாச்சி பி.ஏ. படிச்சும் தலைக்கனமே கிடையாது." ஒரு பொடிப்பய ஓடி வந்து எங்கிட்ட, "அத்தை, பிரியாக்காவப் பாக்க மாப்பிள வீட்டுல வந்திருக்காக!"ன்னான். எனக்குத் தலைகால் புரியல. பிளஸ் டூ முடிச்ச பிள்ளைக்கு இப்ப எதுக்குக் கல்யாணம்னு கேப்பீக. நானும் குடுக்க மாட்டேன்மா. ஆனா கேட்டு வந்தாகன்னு இருந்தா அது ஒரு கௌரவம்லா? வேண்டாம்னு சொல்லவாச்சும் ஆளு வரணும்லா?

பிரியா அப்ப வெளிய போயிருந்தா. பீரோவுக்குள்ள இருந்த கவரிங் செயினை எடுத்துப் போட்டேன். அந்தப் பொடிப்பயகிட்ட, வாரவுக குடிக்கக் கலர் வாங்கியாரச் சொன்னேன். அவுக உள்ள வந்து, "நாங்க பிரியா விஷயமாப் பேச வந்தோம்"னாக. "தெரியும் தெரியும், உக்காருங்க"ன்னேன். அந்தம்மா என்னமோ சொல்ல வாயைத் தொறக்க, நான் விட்டாத்தான? எங்க வீட்டுக்காரகளுக்கு நல்ல சம்பளம்னேன். நான் தைக்கிற ஜாக்கெட்டுக்கு எட்டயபுரத்துல இருந்தெல்லாம் ஆளு வருதுன்னேன். முப்பது பவுன் போடுவோம்னேன். அதைக் கேட்டதும் அந்தாளு பேனாவை மூடிச் சட்டையில குத்திக்கிட்டாரு. நான், திருப்திப்பட்டுட்டாருன்னு நெனைச்சேன்.

வெளிய போறப்ப அந்தம்மா வண்டிகிட்ட நின்னுச்சு. பிளெக்ஸைப் பாத்துச்சு. எங்க வீட்டுக்காரக படம், பக்கத்துல பி.ஏ. "உங்க வீட்டுக்காரர் படிச்சவரா?"ன்னு கேட்டுச்சு. "பி.ஏ. வரலாறு"ன்னு சொல்லி, மடிப்பை எடுத்துவிட்டு நல்லாத் தெரியிற மாதிரி இழுத்தும் காட்டுனேன். "முடிவைச் சொல்லியனுப்புறோம்"னுட்டுப் போனாக. சாயந்தரம் வரைக்கும் நான் ஒரே பாட்டுத்தான்.

சிரிக்காதீங்க. முன்சீட்டுக்காரரும் திரும்பிப் பாக்காரு பாருங்க.

மறுநாள் பிரியாவுக்கு போன். விண்ணப்பத்துல தகவல் தப்பாம், சலுகை கிடையாதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள முழு ஃபீஸ் கட்டலைன்னா இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிருமாம். அவ போனை வெச்சுட்டு அழல. அழுதிருந்தாக்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். "அம்மா, நேத்து யாரும் வந்தாகளா?"ன்னு கேட்டா. சொன்னேன். சொல்லச் சொல்லத்தான், வந்தது காலேஜு ஆளுகன்னு எனக்கே புரிஞ்சுச்சு. அவ அலமாரியில இருந்த பழைய நோட்டு எல்லாம் எடுத்து அடுக்கிக் கட்டுனா. எடைக்குப் போடுறதுக்கு. "திருப்பூருல வேல பாக்குற செல்வி அக்கா கூட்டிட்டுப் போறேன்னுச்சு, போறேன்"னா. எனக்கு உசுரே போயிருச்சும்மா. எம்மக பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுறதையா நான் பாக்கணும்? அவ எட்டாவதுலயே, பெரிய ஆஸ்பத்திரியில வெள்ளக் கோட்டு போடுவேன்னவ.

காலேஜுக்கு போன் போட்டேன். அங்க தலைமை ஒரு சிஸ்டர். "எங்க வீட்டுக்காரக பி.ஏ. இல்லைங்க"ன்னேன். "நேத்து நீங்களே சொன்னீங்களேம்மா, போர்டு வேற வெச்சிருக்கீங்க"ன்னாக. "அது வண்டிக்குப் போத்துனதுங்க"ன்னேன். பாஸாகலைன்னு ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கியாரவான்னு கேட்டேன். சிஸ்டர் சிரிச்சுட்டாக. "நேத்து சொன்ன அதே தெரு ஆளுகளைக் கூட்டிட்டு வாங்க. நேர்ல வந்து உண்மையைச் சொல்லட்டும். அப்பத்தான் நான் டிரஸ்ட்டுல பேச முடியும்"னாக.

இப்ப நான் தெருவுல இறங்கி, எங்க வீட்டுக்காரக பி.ஏ. இல்லைன்னு சொல்லணும். அதுவும் யார்கிட்ட? ராஜகனிகிட்ட!

போனேன். கோவத்தோடதான் போனேன். "எம்மக வாழ்க்கையக் கெடுத்துட்டீகளேடி, யாரு எவருன்னு தெரியாம பி.ஏ. பி.ஏ.ன்னு சொல்லுவீகளா?"ன்னு கத்துனேன். வெள்ளத்தாயும் கடையை விட்டு வந்துட்டா. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க, அவுக பி.ஏ. பாஸாகல. ஒரே ஒரு பேப்பர்தான் போச்சு, அதுவும் திருத்துனவன் தப்பு"ன்னேன். எல்லாரும் அப்பிடியே மலைச்சுப்போவாகன்னு பாத்தா, ஒருத்தியும் மலைக்கல. ராஜகனி தரையைப் பாத்துக்கிட்டு, "மூணு பேப்பர் யக்கா"ங்கா.

நான் கேட்டேன், "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதுசுலயே தெரியும். ஒரு மனு எழுதிக்குடுங்க, பட்டதாரி கையெழுத்து வேணும்னு அண்ணாச்சிகிட்டப் போனேன். நான் பட்டதாரி இல்லம்மான்னுட்டாக. கோமதி சொன்னா சொல்லிட்டுப் போறா, அவகிட்ட இதைக் கேட்டுராதீகன்னும் சொன்னாக."

வெள்ளத்தாய்க்கும் தெரியுமாம். பால்காரருக்குத் தெரியுமாம். எங்க வீட்டுக்காரக ஒவ்வொரு ஆளுகிட்டயும் தனித்தனியாச் சொல்லி வெச்சிருக்காகம்மா. நான் தண்ணி லாரிகிட்ட நின்னு பி.ஏ. பெருமை அளக்குறப்ப எல்லாம், ஒரு தெருவே குடத்தைப் பிடிச்சுக்கிட்டு ஆமா யக்கா ஆமா யக்கான்னு தலையாட்டியிருக்கு! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. இத்தனை வருசமா என்னைய வாய் நெறையப் பொய் சொல்ல விட்டுட்டு வேடிக்கை பாத்திருக்காகளே! இது துரோகம் இல்லையா? நீங்களே சொல்லுங்க.

ஆனா வந்தாக. அதையும் சொல்லணும். மறுநாள் ஷேர் ஆட்டோவுல, ராஜகனி மாவாட்டக் கிடந்ததை விட்டுட்டு வந்தா, வெள்ளத்தாய் கடையை அடைச்சுட்டு வந்தா. எங்க வீட்டுக்காரக கம்பெனியில சொல்லிட்டு, பாகு வாசனையோட அப்பிடியே வந்துட்டாக. நானும் பிரியாவும். ஆட்டோவுல அவ என்கூடப் பேசல. அவுக அப்பா கையை மட்டும் பிடிச்சுக்கிட்டு வந்தா.

சிஸ்டர் ரூமுல நாங்க எல்லாரும் வரிசையா நின்னோம். வீட்டுக்கு வந்த கண்ணாடி போட்ட அம்மா, ஸ்டெல்லா மிஸ்ஸாம், அவுகளும் இருந்தாக, என் கழுத்தைத்தான் பாத்தாக. செயினைக் கழட்டிட்டுத்தான் போயிருந்தேன். சிஸ்டர் வெள்ளத்தாயைக் கேட்டாக, "அவரு பி.ஏ.வா இல்லையா?" அவ பாருங்க, பழக்கதோஷம், "பி.ஏ. இல்லம்மா, ஆனா பி.ஏ. மாதிரிதான்"னுட்டா. ராஜகனியைக் கேட்டாக. அவ சிஸ்டருக்குப் பதில் சொல்லாம என்னையப் பாத்தா. "யக்கா, சொல்லட்டுமா?"ன்னு கேட்டா. அந்த ரூமுல, அத்தனை பேருக்கு முன்னாடி, எங்கிட்ட அனுமதி கேக்கா. குழாயடியில என் குடத்தை எத்துனவ.

நானே சொன்னேன். "இல்லைங்க. எங்க வீட்டுக்காரக பி.ஏ. இல்லை."

அவுக முன்னாடி வெச்சு அந்த வார்த்தை அதுவரைக்கும் என் வாயில வந்ததே இல்லம்மா.

"பின்ன ஏம்மா ஊரெல்லாம் அப்பிடிச் சொன்னீங்க?"ன்னு சிஸ்டர் கேட்டாக. கோவமாக் கேக்கல. அதான் நான் உளறிட்டேன். கூடப்பொறந்த எங்க ஆவுடையக்கா புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. எனக்குக் கல்யாணமான முதல் வருசம். அக்கா வீட்டுக்காரரு பி.காம்., சொசைட்டியில வேலை. கூடத்துல சேர் போட்டிருந்துச்சு. எங்க வீட்டுக்காரக ஒரு சேர்ல உக்காந்தாக. அக்கா மாமியா வந்து எல்லாருக்கும் முன்னாடி, "தம்பி, நீங்க நம்ம ஆளுதான, அப்பிடிக் கீழ உக்காருங்க. ஆபீஸ்காரங்க வந்திருக்காக"ன்னாக. அவுக எந்திரிச்சுச் சிரிச்சுக்கிட்டே பாயில போய் உக்காந்தாக. உக்காந்ததும் விடல, தண்ணிச் செம்பை நீட்டி, எல்லாருக்கும் குடுங்கன்னாக. அதையும் வாங்கிக் குடுத்தாக. நான் அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அடுத்த விசேஷத்துக்குப் போறதுக்கு முன்னாடியே அக்காகிட்டச் சொல்லிட்டேன், இவுக பரீட்சை எழுதி பி.ஏ. பாஸாயிட்டாகன்னு. அந்த விசேஷத்துல சேர் போட்டாக. அவ்வளவுதாங்க சிஸ்டர். ஒரு சேருக்குத்தான் சொன்னேன்னேன்.

எங்க வீட்டுக்காரக பின்னாடி இருந்து, "எனக்குக் கீழ உக்காந்தாத்தான் வசதி, சிஸ்டர். அவதான் கேக்க மாட்டா"ன்னாக. எனக்கு வந்த அழுகை அப்பிடியே கோவமாயிருச்சு. இந்த மனுசனுக்காக ஒருத்தி பேசவா?

சிஸ்டர் எந்திரிச்சாக. மேசையைச் சுத்தி வந்தாக. சுவரோரமா இருந்த ஒரு சேரை அவுகளே இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஐயா"ன்னாக.

அவுக என்னையப் பாத்தாக. நான் உக்காருங்கன்னு கண்ணைக் காட்டுனேன். உக்காந்தாக. எப்பவும் போல நுனியில. அக்கா வீட்டுல சேரை விட்டு எழுப்புன நாள்ல இருந்து அவுக எந்தச் சேர்லயும் நுனியிலதான் உக்காருவாக, யாரோ எழுப்ப வாராகங்கிற மாதிரி. சிஸ்டர் கேட்டாக, "படிப்பை விட்டதுல வருத்தம் உண்டா ஐயா?" "இருந்துச்சு சிஸ்டர்"னாக. "இந்தப் பிள்ள படிச்சுட்டாப் போயிரும்." இதைச் சொல்லிட்டு எம்மகளை ஒரு பார்வ பாத்தாக. பிரியா அப்பத்தான் அழுதா. போன் வந்தப்ப அழல, நோட்டைக் கட்டுனப்ப அழல.

சிஸ்டர் டிரஸ்ட்டுக்கு போன் போட்டுப் பேசுனாக, ஃபீஸ் தள்ளுபடி அன்னைக்கே முடிவாயிருச்சு. ஸ்டெல்லா மிஸ்தான் என்னைய ஓரமாக் கூப்பிட்டு, "அந்த முப்பது பவுனு?"ன்னு கேட்டாக. "வாய்ல வந்துருச்சு மிஸ்"னேன்.

சிஸ்டர் அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரககிட்டத்தான் பேசிக்கிட்டே இருந்தாக. பாடம் என்ன, பஸ் எத்தனை மணிக்கு, எல்லாம். இவ்வளவும் பேசி இடம் வாங்குனது நான், அத்தனை நேரமும் எனக்கு ஒரு சேர் போடணும்னு அந்த ரூமுல ஒருத்தருக்கும் தோணலம்மா! நின்னுக்கிட்டேதான் இருந்தேன். நின்னு அவுக முதுகையே பாத்துக்கிட்டிருந்தேன். பேச்சுவாக்குல அவுக கொஞ்சம் கொஞ்சமாப் பின்னாடி நகந்தாக. நகந்து நகந்து, முதுகு சாஞ்சுருச்சு. ரெண்டு கையையும் சேரோட கைமேல வெச்சுக்கிட்டாக. நான் வாக்கப்பட்ட நாள்ல இருந்து அந்த மனுசன் சாஞ்சு உக்காந்து நான் பாத்ததில்ல.

திரும்பி வாரப்ப ஆட்டோவுல எல்லாரும் சத்தமாப் பேசிக்கிட்டு வந்தாக. அவுக மட்டும் வெளியவே பாத்துக்கிட்டு வந்தாக. எங்க தெரு முக்குத் திரும்புறப்ப என் காதுகிட்டக் குனிஞ்சு, யாருக்கும் கேக்காம சொன்னாக:

"கோமதி, சேரு நல்லாத்தான்டி இருக்கு."